கொலையாளியை விபூதிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்த என் மாமியார்

இன்று காலை அரக்கோணம் ட்ரெயினில் ஜன்னலோரம் இடம் பிடித்து நாவலைத் திறந்தால்...

கடைசி முப்பது பக்கம் இல்லை!

எனக்குப் படிக்கக் கிடைப்பதே திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான். (வீட்டில் உட்கார்ந்து படித்தால் உடனே யாருக்காவது காபி வேண்டியிருக்கும்.) அப்படி இரண்டு மாதமாகத் தவணையில் படித்து, ஆறு பேரைச் சந்தேகப்பட்டு, ராத்திரி தோசை ஊற்றும்போதுகூட "யார் கொன்றிருப்பான்?" என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று முடிந்துவிடும் என்று அவ்வளவு ஆசையாக ஏறினேன் மக்களே!

நேற்று கிருத்திகை. மலையடிவாரத்தில் வீடு இருந்தால் கிருத்திகை அன்று அது வீடு இல்லை, இலவச லாட்ஜ். சொந்தக்காரர்கள் வருவார்கள், குளிப்பார்கள், மலையேறி முருகனைப் பார்ப்பார்கள், இறங்கி வந்து சாப்பிடுவார்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு விபூதிப் பொட்டலம். பொட்டலம் மடிப்பது என் மாமியார் டிபார்ட்மென்ட்.

உடனே அவருக்குத்தான் போன் போட்டேன்.

"அத்தை, என் புக்குல பக்கம் காணோமே?"

"ஆங், நான்தான் கிழிச்சேன். நியூஸ்பேப்பரைத்தான் நிறுத்திட்டீங்களே, இன்னாத்துல மடிக்கிறது?"

"அலமாரில வேற புக்கே இல்லியா? அந்த ராஜா கதை?"

(இரண்டாம் பாகம் மட்டும் தள்ளுபடியில் வாங்கியது. ராஜா முதல் பக்கத்தில் குதிரை ஏறினார். நான் நூறு பக்கம் படித்தேன். இறங்கவே இல்லை. குதிரை பாவம்.)

"அட்டைல கோபுரம் போட்டுக்கீது. கிழிக்கலாமா? பாவம்!"

"அப்போ அந்தக் கோடீஸ்வரன் புக்கு?"

(விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் பணக்காரன் ஆகலாமாம். எங்கள் தெரு பால்காரர் மூன்றரைக்கே எழுகிறார். இன்னும் அதே ஓட்டை வண்டிதான்.)

"அதுல ரூபா நோட்டு படம் கீதும்மா. லட்சுமி!"

"கவிதை புக்கு?"

(பக்கத்துக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் வெள்ளை. அந்த நாலு வரியும் இல்லாவிட்டால் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.)

"அதுல நான் கோலம் போட்டு வெச்சுக்கீறேன்."

"சிறுதானிய சமையல் புக்கையாவது..."

"அதைப் பத்திப் பேசாத! எதைத் தொட்டாலும் 'உப்பு தேவையான அளவு'ன்றான். அது தெரிஞ்சா அவனை ஏன் கேக்கறோம்? ஆனா அது சோத்து விஷயம், கிழிக்கக் கூடாது. கொலகார புக்குதான் வூட்டுக்கு ஆவாது."

டொக். போனை வைத்துவிட்டார்.

என்ன கிரிட்டிசிசம்! எந்தப் பத்திரிகையிலும் இப்படி விமர்சனம் வராது.

சரி, விடக் கூடாது. அரக்கோணத்தில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் அடித்தேன்.

"அண்ணி, உங்க விபூதிப் பொட்டலத்துல இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படிங்களேன்."

"காலங்காத்தால இன்னாடி கேள்வி இது? இரு... 'ரத்தம் தோய்ந்த கத்தியைக் கீழே போடு'... ஐயையோ முருகா! நான் இதைப் போயி சாமி ரூம்ல வெச்சுக்கீறேனே!"

அடுத்து கே.ஜி.கண்டிகை ஊருக்கு. என் அக்கா வீட்டுக்காரர், பாவா. அவர் நாடகத்தில் நடித்தவர் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

"'கொலையாளி வேறெங்கும் இல்லை, இந்த அறைக்குள்தான் இருக்கிறான் என்றார் இன்ஸ்பெக்டர்.' அவ்ளோதாம்மா கீது. யாரு அவன்?"

"தெரிஞ்சா உங்களுக்கு ஏன் பாவா போன் போடறேன்?"

"இன்னாம்மா நீ, என்னை இப்டி பாதில வுட்டுட்டே! எனக்கு இனிமே வேல ஓடுமா?"

(வாங்க பாவா, கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள்.)

மிச்சம் ஒரே நம்பிக்கை, கனகம்மாசத்திரத்தில் டீக்கடை வைத்திருக்கும் சின்ன மாமனார்.

"பேப்பரா? விபூதியை டப்பால கொட்டிட்டேன். அந்தப் பேப்பர்ல ஒருத்தருக்கு போண்டா கட்டிக் குடுத்துட்டேம்மா. அடியில 'முற்றும்'னு போட்டிருந்துச்சு."

முற்றும்! அந்த போண்டாக்காரர் திருப்பதி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாராம். என் கொலையாளி எண்ணெய் சொட்டச் சொட்ட ஆந்திரா பார்டரைத் தாண்டிவிட்டான்.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சிரிக்காதீர்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் ஏறிட்டுப் பார்த்தார்.

"எதுக்கும்மா ஊருக்கெல்லாம் போன் போட்டுகினு கீற? என்னைக் கேட்டா சொல்லமாட்டனா?"

"உங்களுக்கு எப்டி அத்தை தெரியும்?"

"நல்லாக் கேட்ட! படிக்காமயா கிழிப்பாங்க? நீ வந்ததும் பையை வெச்சுட்டுக் குளிக்கப் போவ இல்ல, அப்ப தினம் படிச்சதுதான். நீ சோம்பேறி, நான் முன்னாடியே முடிச்சுட்டேன்."

(நான் எவ்வளவு நேரம் குளிக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கமெண்டில் வந்து எழுத வேண்டாம்.)

கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கீரைத் தட்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

"யாரு அத்தை கொன்னது?"

"அந்த டாக்டர்தான். மூஞ்சில பால் வடியுதுன்னு எழுதும்போதே நெனச்சேன். ஆனா போலீஸ் புடிக்கலியே! மூணு பேரைக் கொன்னுட்டு ஜம்முனு பிளேன் ஏறிப் பூடறான். அதோட கதை முடிஞ்சிடுச்சாம். இன்னா முடிவு இது? எனக்கு வயிறு எரிஞ்சுது."

கீரையைக் கீழே வைத்துவிட்டு மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"அதான் கிழிச்சு, விபூதி மடிச்சு, முருகன் கையில குடுத்துட்டேன். அவனை இனிமே அவர் பாத்துப்பாரு."

நான் புதிதாக ஒரு காதல் நாவல் வாங்கி வைத்திருக்கிறேன். கடைசியில் கதாநாயகி செத்துப்போய்விடுவாளாம். அடுத்த கிருத்திகைக்குள் அதை எங்கே ஒளித்து வைப்பது, யாராவது சொல்லுங்களேன்!