பாதிப் புத்தகத்தோடு வருபவர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் கூடுகிறோம். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம், ஆறு பேர் வந்தாலும் கூட்டம்தான். ஒவ்வொருவரும் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடித்த புத்தகத்தைக் கொண்டுவரக் கூடாது. பாதியில் இருக்க வேண்டும். அடையாளத்துக்கு உள்ளே ஒரு துண்டுக் காகிதமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பேசி முடித்ததும், கூட்டத்தை நடத்தும் டீச்சர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். இனிமேல் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பதில் சொன்ன பிறகுதான் உட்காரலாம். டீச்சர் ஓய்வு பெற்றவர். முடித்த புத்தகத்தைப் பற்றி எல்லாரும் நீதிபதி மாதிரி பேசுகிறார்கள், பாதியில் இருக்கும்போதுதான் வாசகராகப் பேசுகிறார்கள் என்பது அவருடைய கட்சி.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் வாயைத் திறந்ததில்லை. என் முறை வரும்போது தொண்டை கட்டியிருக்கும். இல்லையென்றால் அந்த மாதம் ஓவர்டைம் அதிகமாக இருக்கும். அடுத்த மாதம் சொல்கிறேன் டீச்சர் என்பேன், அவரும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நான் படிவம் இரண்டோடு, பதினாலு வயதில் பள்ளியை விட்டவன். அங்கே வருகிறவர்களில் ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் வங்கியில் பெரிய வேலை, பூச்சோங்கிலிருந்து வரும் தம்பி காப்புறுதி முகவர், பேச்சே அவனுக்குத் தொழில். எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று அவர்களில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட நிம்மதியாகியிருக்கும். இன்னும் கேட்கவில்லையே என்பதுதான் என் பயம்.

என் மனைவி ஒருநாள் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “பேசாம உட்கார்ந்துட்டு வரதுக்கு எதுக்குக் கிள்ளான்லேர்ந்து ரயில் ஏறிப் போறீங்க? வீட்டுலயே பேசாம இருக்கலாமே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இந்த மாதம் பேசிவிடுவது, பேசவில்லை என்றால் இனிமேல் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். பின்வாங்க வழியிருக்கக் கூடாது அல்லவா.

முடிவெடுத்துவிட்டேனே தவிர, கவலை போகவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டால்? ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால்? அதனால் பேசுவதற்கென்று எடுத்த நாவலை ஒருமுறை முழுக்கப் படித்தேன். சந்தேகம் தீராமல் மறுபடியும் படித்தேன். விதவை ஒருத்தி சாலையோரம் ஒட்டுக்கடை போட, அந்த இடம் தனக்குத்தான் என்று கொழுந்தன் வந்து நிற்கும் கதை. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் ஸ்டோரில், போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டே பேசிப் பழகினேன். பக்கத்தில் பெட்டி அடுக்கும் நேப்பாளிப் பையன் நான் யாரோடோ போனில் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு ஒதுங்கியே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். நாவலை ஒருதடவை புரட்டி முடிப்பதற்குள் ஷா ஆலம் வந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பார்த்தால் மனப்பாடம் செய்ததும் குழம்பிவிடும் போலிருந்தது. சும்மா உட்காரவும் முடியவில்லை. பையில் கிடந்த வேறொரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். நான் இறங்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் வரும்வரை ஏதோ சில பக்கங்கள் ஓடின.

மேல்மாடியில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். நாவலின் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி வைத்திருந்தேன். காகிதம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதானே வழக்கம். தயார் செய்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரப் போனேன்.

டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். கடை என்ன ஆகிறது, கொழுந்தன் என்ன ஆகிறான், கடைசி வரி வரைக்கும் தெரியும். எல்லாக் கேள்விக்கும் பதில் தேடி வைத்தவன், மாதாமாதம் காதில் விழுந்த அந்த ஒரு கேள்வியை மறந்தே போயிருந்தேன். தெரியாத மாதிரி ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்ல மனம் வரவில்லை. முடித்துவிட்டேன் டீச்சர், இரண்டு தடவை, என்றேன்.

முதலில் சிரித்தது பூச்சோங் தம்பி. “என்ன அண்ணே, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்களா? முடிச்சவங்க பேசக் கூடாது லா.”

அவன் கேலிக்குத்தான் சொன்னான். நான் எழுதாமல் விட்ட பரீட்சைகளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். பரவாயில்லை, அடுத்த மாதம் பாதியில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று டீச்சர் அன்பாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அடுத்த மாதம் என்ற வார்த்தையை நானே எத்தனை தடவை அங்கே சொல்லியிருக்கிறேன். எனக்கு அடுத்த மாதம் கிடையாது.

“இருங்க டீச்சர்,” என்றேன். “பாதி இல்ல, கொஞ்சம் பக்கம்தான். ஆனா நெசமாவே படிச்சிக்கிட்டு இருக்கேன்.”

பையிலிருந்து ரயிலில் படித்ததை எடுத்தேன். ரயில் டிக்கெட்டுதான் அடையாளம். இதற்குத் தயாரிப்பு எதுவும் இல்லை, அதனால் நடந்ததை அப்படியே சொன்னேன். ஓர் ஆள் வெளியூரில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறார். கையில் இருப்பது தன் பையில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. பஸ் போய்விட்டது. பையைத் திறக்காமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், சென்ட்ரல் வந்துவிட்டது.

டீச்சர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். பையில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று வழக்கறிஞர் அக்காவும் சேர்ந்துகொண்டார்.

“அந்தப் பையைப் பத்தி எனக்குக் கவலை இல்லக்கா,” என்றேன். “இவரோட பை யாருகிட்ட போச்சுன்னுதான் கவலை. அதுல மாத்திரை இருந்தா?”

“மாத்திரை இருக்குன்னு எழுதியிருக்கா அண்ணே?” என்றான் தம்பி.

“இல்ல. ஆனா ஆளுக்கு அம்பதுக்கு மேல இருக்கும். இந்த வயசுல மாத்திரை இல்லாம யாரு தம்பி பஸ் ஏறுவா?”

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வங்கிக்காரர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வழக்கறிஞர் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கதாசிரியர் பையை மாற்றியதே அதைத் திறக்க வைக்கத்தான், நீங்கள் உங்கள் கவலையை அந்த ஆளின் தலையில் ஏற்றுகிறீர்கள் என்றார். இருக்கலாம் என்றேன். ஆனால் திறக்க வேண்டிய ஆள் ஏன் இவ்வளவு நேரம் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்? தன் பையையும் ஒருவர் இந்நேரம் திறந்திருப்பாரே என்று நினைக்கிறார், அதுதான் என்றும் சொன்னேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு நடுவில்தான் உறைத்தது. அப்போதும் நிறுத்தவில்லை. கீழேயிருந்து வந்த தேநீர் ஆறிப்போனது.

கடைசியில் பூச்சோங் தம்பி என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தைப் பார்த்து யார் சொன்னது சரி என்று சொல்லிவிடுகிறேன் என்றான். நான் பிடியை விடவில்லை.

“வேணாம் தம்பி. நான் இன்னும் அந்தப் பெஞ்சுலதான் இருக்கேன்.”

அடுத்த கூட்டத்துக்கும் இதே புத்தகம்தானா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்றேன். மெதுவாகத்தான் படிப்பேன், முதல் ஆளாக என்னைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன்.