தம்பியின் மூச்சுக்குச் சுருதி

பழைய ஆர்மோனியத்தில் காற்று கசிவதுபோல ஒரு சன்னமான விசில், அதன் பின்னாலேயே ஒரு கரகரப்பு. என் தம்பி கண்ணனுக்கு 'இழுப்பு' வந்துவிட்டால் புத்தூர் வீட்டில் நான் எந்த மூலையில் இருந்தாலும் அது கேட்டுவிடும்.

அம்மா பகலில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர், மாலையானால் நாடகங்களுக்குப் பின்னணி ஒலி அமைப்பவள். தகரத்தை உலுக்கி இடியும், முறத்தில் பயறு உருட்டி மழையும் எங்கள் கூடத்திலேயே செய்ததால், நான் இடிக்கெல்லாம் பயந்தவளே கிடையாது. இழுப்புக்கு மட்டும்தான் பயம்.

டாக்டரிடம் காட்டுவதற்காகக் கண்ணனின் மூச்சை அம்மா செல்போனில் பதிந்து வைத்திருந்தாள். ஒரு வருடம் ஸ்ரீரங்கத்தில் போட்ட நாடகத்தின் கடைசிக் காட்சியில், மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு கிழவர் உள்ளறையில் சாக வேண்டும். ஆள் தெரியக்கூடாது, மூச்சு மட்டும் கேட்க வேண்டும். எதைச் செய்து பார்த்தும் சரிவராமல், அம்மா கண்ணனின் பதிவை எடுத்து, வேகத்தைக் குறைத்துக் கிழவரின் மூச்சாக்கி, அடியில் சுருதிப்பெட்டியை மெல்லச் சேர்த்தாள். ஒத்திகையில் கேட்ட இயக்குநர், "பிரமாதம்ங்க. கடைசியில மட்டும் பட்டுனு நிறுத்திடுங்க, ஜனங்களுக்கு நெஞ்சை அடைக்கணும்" என்றார். எனக்கு அப்போதே அடைத்துவிட்டது.

நாடகத்தன்று காலையில் கண்ணனுக்கு இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. "அங்க அப்பா இருக்காங்க, டாக்டர் இருக்காங்க. இங்க என்னை விட்டா ஆளில்லைடி" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லி, அம்மா என்னையும் அரங்கத்துக்கு அழைத்துவந்து லேப்டாப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. பெரிய ஸ்பீக்கர்களில் அந்த மூச்சு அரங்கம் முழுக்கப் பரவியபோது, மற்றவர்களுக்கு அது கிழவர், எனக்குக் கண்ணன். இங்கே அது நின்றால் ஆஸ்பத்திரியிலும் நின்றுவிடும் என்று எப்படித் தோன்றியதோ, தோன்றிவிட்டது. அம்மாவின் விரல் நிறுத்தும் பொத்தான் மேல் போனதும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தாதம்மா. தம்பிம்மா."

அம்மா திரையில் ஓடிக்கொண்டிருந்த தம்பியின் மூச்சையே பார்த்தாள்.

விரலை எடுத்துவிட்டாள். மேடையில் விளக்கு அணைந்த பிறகும் இருட்டில் அந்த மூச்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எப்போது கை தட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் விடுவிடுவென்று எங்களிடம் வந்தார்.

"என்னங்க இது, கிழவர் செத்தாரா இல்லையா?"

"சாகலைங்க" என்றாள் அம்மா.

அந்த அரங்கம் இப்போது கல்யாண மண்டபம். லேப்டாப் பழுதாகி, பதிவும் அதோடு போயிற்று. அம்மாவும் நாடகத்தை விட்டுவிட்டாள். துவாக்குடியில் படிக்கும் கண்ணன் போனில் பேசும்போது நடுவில் கொஞ்சம் நிறுத்தினால்கூட நான், "இருக்கியாடா?" என்று பதறுவேன்.

"மூச்சு விட்டுக்கிட்டுதான்க்கா இருக்கேன்" என்று சிரிப்பான்.

அம்மா அப்படியெல்லாம் கேட்பதில்லை. ஆனால் பேசி முடித்த பிறகும், அவன் வைக்கும்வரை, போனைக் காதிலேயே வைத்திருப்பாள்.