முப்பத்திரண்டாவது வெடி

தெல்லிப்பழைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப்போன சிவக்கொழுந்துவுக்கு யாரோ சொல்லி, சிவக்கொழுந்து அதைக் கிணற்றடியில் வைத்துக் குணலட்சுமிக்குச் சொன்னாள்.

"உங்கடை மனுசன் ஆரோடையோ சேந்திட்டாராம். குருநகரிலை ஒரு ஆள் கைத்துவக்குக் குடுத்ததாம். துவாயிலை சுத்திக்கொண்டு பஸ்ஸிலை வந்தவராம்."

துவக்கும் உண்மை, துவாயும் உண்மை. சேர்ந்தது மட்டும் பொய். ஐம்பத்திநான்கு வயதில் கதிரவேலு மாஸ்டர் சேர்ந்திருந்த ஒரே இயக்கம் விளையாட்டு ஆசிரியர் சங்கம். அதன் கூட்டங்களுக்கும் அவர் போவதில்லை.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டிகளில் ஓட்டத்தைத் தொடக்கிவைக்கிறவர் அவர்தான். சத்தம் மட்டும் போடும் அவருடைய பழைய துவக்கை 1984 தைமாதம் பொலிஸ்காரர் பரிசோதிக்கவென்று வாங்கிப்போனார்கள். மாசியாகியும் பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே குருநகர்ப் பக்கத்து விளையாட்டு ஆசிரியர் சூசைதாசனிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.

இரவல் துவக்கின் பிடி சின்னது. நான்கு விரல் பிடித்ததும் இடம் முடிந்துவிடும். சுண்டுவிரல் பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி வெளியே நின்றது. விசைதான் பெரிய வில்லங்கம். பழையதை இழுக்கக் கிணற்றுத் துலா இழுக்கிற பலம் வேண்டும். 'உங்கள் இடங்களில்' என்று சொல்லும்போதே இழுக்கத் தொடங்கினால்தான் 'ஆயத்தம்' முடிய வெடிக்கும். இருபத்திரண்டு வருடம் விரலுக்கு அதுவே பழக்கம்.

"அண்ணை, இதை இழுக்கத் தேவையில்லை," என்றார் சூசைதாசன். "நினைச்சாலே காணும்."

வெடிவைத்துப் பழகவும் வழியில்லை. பள்ளிக்கூட அதிபர் அருளம்பலம் முன்யோசனைக்காரர். பக்கத்து இராணுவ முகாமுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தார்: வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிமுதல் ஐந்தரைவரை முப்பத்தொரு வெடி கேட்கும், தயவுசெய்து பதிலுக்குச் சுட வேண்டாம். இருபத்தெட்டு ஓட்டம், பிழைத்தொடக்கத்துக்கு மூன்று. முகாமிலிருந்து ஒரு கப்டன் தொலைபேசியில் பதில் சொன்னார்: "எனக்கும் எண்ணத் தெரியும். முப்பத்திரண்டு கேட்டால் போன் அடிப்பேன். திருப்தியான பதில் வராவிட்டால் நாங்களே வருவோம்."

கதிரவேலு வீட்டில் உடுப்புக் கிளிப்பை அமத்திப் பழகினார்.

"உங்கள் இடங்களில்… ஆயத்தம்…"

"இஞ்சருங்கோ, உதோடை என்ன கதை?" என்றாள் குணலட்சுமி. "கொடியிலை சீலை பறக்குது. கிளிப்பைத் தாருங்கோ."

வெள்ளிக்கிழமை முதல் ஓட்டத்திலேயே 'உங்கள்' என்றதும் வெடித்துவிட்டது. பாதிப் பிள்ளைகள் குனிந்தபடி ஓடினார்கள். அவர்களைத் திருப்பி அழைக்க இரண்டாவது வெடி வைப்பதுதான் முறை. அதற்காகவே ஒன்று வெடித்த கையோடு அவருடைய கட்டைவிரல் பின்பக்கச் சுத்தியலைத் தானாக இழுத்து வைத்துவிடும். அழைத்தார். மறுபடி தொடக்கினார். ஒரு ஓட்டத்துக்கு மூன்று வெடி.

"மாஸ்டர், இனி ஒண்டுதான் மிச்சம்!" என்று அதிபர் கொப்பியும் பேனையுமாக ஓடிவந்தார்.

நாலாவது, நானூறு மீற்றர். 'ஆய' என்னும்போதே போய்விட்டது. திருப்பி அழைக்க ஒன்று வைத்தால் மறுபடி தொடக்க வெடி இல்லை. அருந்ததி ரீச்சர் ஒலிபெருக்கியில் கத்தினார்: "பிள்ளையள், நில்லுங்கோ! அது வெடியில்லை!"

வேலியோரம் நின்ற பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வெடியில்லையெண்டால் பிறகென்ன?" என்று யாரோ கேட்க, நாற்பது பேர் பனை வடலிக்குள் பாய்ந்து படுத்தார்கள். ஏழு பெடியன்கள் திரும்பி வந்தார்கள். செல்வரட்ணம் என்றவன் மட்டும் தனியாக முழுச்சுற்றும் ஓடி முடித்தான்.

"வெடி கேட்டது, ஓடினனான்," என்றான். முதலாமிடம் அவனுக்குக் கொடுத்து, மற்ற ஏழு பேரையும் இரண்டாமிடத்துக்கு ஓடவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றும் போயிற்று.

அதன்பிறகு கதிரவேலு இடக்கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுட்டுவிரலை விசைக்கு வெளியே நீட்டிவைத்து, 'ஆயத்தம்' முழுதாகச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் உள்ளே விட்டார். உண்மைதான், நினைத்தாலே காணும். பத்து ஓட்டம், பதினைந்து, இருபது. ஒன்றும் பிழைக்கவில்லை. கடைசி அஞ்சலோட்டம் முப்பத்தோராவது வெடியோடு பறந்தது. ஓட்டம் முடிய வடலிக்குள் இருந்தவர்களும் எழும்பிக் கைதட்டினார்கள்.

"காப்பாத்திப் போட்டீர் காணும்!" என்று அதிபர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

மரியாதை தெரிந்த மனிதர் கதிரவேலு. அதிபர் கைகொடுக்க வந்தால் வலக்கையைத்தான் நீட்டவேண்டும். துவக்கோடேயே நீட்டினார். சுத்தியல் ஏற்கெனவே இழுபட்டு நின்றது அவருக்கு நினைவில்லை.

முப்பத்திரண்டு.

யாருக்கும் ஒன்றுமில்லை. அதிபரின் கொப்பியில் மட்டும் கொஞ்சம் புகைக்கரி. அந்த அமைதியில் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதிரவேலுவின் கட்டைவிரல் தன் பழக்கப்படி சுத்தியலை மறுபடி இழுத்துவைத்திருந்தது.

"இறக்கும்! சுத்தியலை இறக்கும்!"

"இறக்கிறதெண்டால் விசையைத் தொடவேணும் சேர்."

"ஐயோ, தொடாதையும்!"

மைதானத்துக்கு அப்பால், அதிபரின் கந்தோருக்குள் தொலைபேசி அடித்தது.

அதிபரும் அருந்ததி ரீச்சரும் ஓடினார்கள். கதிரவேலுவால் ஓட முடியவில்லை. கையை வானத்துக்கு உயர்த்தியபடி, கும்பம் சுமக்கிறவர் போல அடிமேல் அடிவைத்து வந்து சேர்ந்தார். மேசையில் அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆரும் வாழ்த்துச் சொல்ல எடுக்கினமாக்கும்," என்றார் அருந்ததி ரீச்சர், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

"மாஸ்டர், நீர்தானே வைச்சனீர். நீரே எடும்," என்றார் அதிபர். "நான் முப்பத்தொண்டெண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்த மனுசன். நான் என்னத்தைச் சொல்ல?"

"இந்தக் கையை விடேலாது சேர்."

"மற்றக் கை?"

"மற்றக் கை இந்தக் கையைப் பிடிச்சிருக்கு."

வெளியே ஓடி முடித்த சந்தோசத்தில் அஞ்சலோட்டக்காரர்கள் இன்னும் ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள். கதிரவேலுவின் சுண்டுவிரல் மட்டும் தொலைபேசியை நோக்கி நீண்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.