கொற்கையில் ஒரு புதுச்சாமி

ஏரலுக்குப் போகிற மாட்டுவண்டி கொற்கையில் நிற்கிறது. ஒருகாலத்தில் பாண்டியரின் துறைமுகப் பட்டணத்தையே பார்த்துக்கொண்டிருந்த சமணத் தீர்த்தங்கரர், ஆள் உயரக் கல்லாக உட்கார்ந்து, இப்போது வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடல் கிழக்கே போய்விட்டது, பட்டணம் மண்ணுக்குள் போய்விட்டது. இவருக்கு மட்டும் மாற்றல் உத்தரவு வரவில்லை. மேலெல்லாம் எண்ணெய், நெற்றியில் குங்குமம்.

"எத்தனை தலைமுறையா கும்பிடுதீங்க?" என்று தோட்டக்காரரிடம் கேட்கிறேன்.

"போன மாசத்துல இருந்து, அண்ணாச்சி. அதுக்கு முன்ன இதுலதான் மாட்டைக் கட்டுவோம். வெள்ளைக்காரத் தொரை வந்து, மெட்ராசுல காட்சிக்கு வைக்கணும், தூக்குங்கன்னான். ஊரே வண்டிக்கு முன்னால படுத்துட்டோம்லா! நம்ம சாமிய விடமுடியுமா?"

"சாமி பேரு?"

"தொரை என்னமோ சொன்னான், வாயில நுழையல. நாங்க முனியசாமின்னு வச்சிட்டோம்."

பக்தி முற்றுவதற்கு ஒரு மாதம் தாராளம் போலிருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறேன். தோட்டக்காரருக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது.

"செவ்வாக்கெழம சாமிக்குக் கொடை விழா. அந்தா நிக்குல்லா, அந்தக் கெடாவ வெட்டுதோம். இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

எறும்புக்கும் தீங்கு நினைக்காதவரின் மடியில் கிடக்கும் மாலையை, கிடா நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது.