ஓடுபாதை போட்டவர்களின் மகள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பி எழுதுவது.

இந்தக் கட்டுரையை முதலில் வாசித்தவள் அக்காவின் மகள் செல்வி. “மாமா, கேம்ப் கதைய எடுத்துருவோமே. நாலு பேரு கைக்குப் போற புத்தகம்” என்றாள். கேம்ப் கதையை எடுத்துவிட்டால் அக்காவின் வாழ்க்கையில் பிறந்த நாளும் இறந்த நாளும்தான் மிஞ்சும். எண்பத்தெட்டு வயதில் எனக்கு யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை. எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா மாத்தளைக்கு அருகே ஒரு கொக்கோத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீட்டு அறை ஒன்றில், பிறந்தார். உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் இலங்கையில் குண்டு போட்ட சமயம், வெள்ளைக்காரர்கள் தம்புள்ளைக்கு அப்பால் காட்டை வெட்டி ஒரு விமானத் தளம் அமைத்தார்கள். எங்கள் பேச்சில் அது கேம்ப். ஆள் பிடித்தார்கள். அப்பா தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு லொறி ஏறினார். அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து, அடுத்தவன் கைக்குழந்தை. அந்த லொறியை ஓட்டியவர் மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். எங்களுக்கு அவர் லொறி நானா.

அந்தத் தளத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடி வாசித்திருக்கிறேன். எந்த விமானங்கள் நின்றன, எந்த அதிகாரி பொறுப்பில் இருந்தார் என்றெல்லாம் இருக்கிறது. கருங்கல்லைக் கையால் உடைத்து ஓடுபாதை போட்டவர்களைப் பற்றி நான் பார்த்தவரை ஒரு வரி இல்லை. அப்பா கல் உடைத்தார். அம்மா சிப்பாய்களின் துணி துவைத்தார். அக்கா தலையில் கூடை வைத்துக் கல் சுமந்தார். கைக்குழந்தை மலேரியாவில் இறந்தது. ஓடுபாதையின் கிழக்கு முனையில் புதைத்துவிட்டு அப்பா மறுநாள் வேலைக்குப் போனார். முதல் விமானம் இறங்கிய அன்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்களாம். அக்கா மட்டும் கல் பெயர்கிறதா என்று தரையைப் பார்த்தாராம்.

யுத்தம் முடிந்தது. விமானங்கள் போயின. தகரமும் இரும்பும் ஏலத்தில் போயின. கடதாசிகளை எரித்தார்களா, கப்பலில் ஏற்றினார்களா, யாருக்கும் தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்று வருடத்தில் தளத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் தோட்டத்துக்கே திரும்பினோம்.

அப்பா என்னை மாத்தளையில் ஆங்கிலம் படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் “கேம்ப்காரன்” என்றார்கள். சிப்பாய்களின் துணி துவைத்த பெண்களைப் பற்றி டவுனில் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதனால் அப்பா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்ததாகச் சொல்லிக்கொள்ளப் பழகினேன்.

நாடு சுதந்திரமடைந்த பிறகு, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் இத்தனை வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததை நிரூபித்தால்தான் பிரஜாவுரிமை என்றார்கள். அப்பா விண்ணப்பித்தார். விசாரணைக்குக் கூப்பிட்டபோது எனக்கு வயது இருபது. தோட்டத்து வருடங்களுக்குத் தோட்டத்தின் பேர்ப்பதிவு சாட்சி. கேம்பில் இருந்த மூன்று வருடங்களுக்கு ஒன்றுமில்லை. அக்கா நாள் கணக்காக அலைந்து லொறி நானாவைக் கண்டுபிடித்து, விசாரணை நடந்த அரசாங்கக் கந்தோருக்கே கூட்டிவந்து வெளியே வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தார். “தம்பி, உள்ளதச் சொல்லு. நானா வந்திருக்காரு” என்றார்.

அதிகாரி அந்த மூன்று வருடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். அந்த அதிகாரியின் முன்னால் என்னால் கேம்ப் என்று சொல்ல முடியவில்லை. துணிக்கடை என்றேன். சாட்சி உண்டா என்று கேட்டார். கடை முதலாளி இருக்கிறார் என்றேன். லொறி நானாவை உள்ளே கூப்பிடவே இல்லை.

அடுத்த தவணையில் அந்த முதலாளி வந்து, இவர் என் கடையில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. அப்போது அக்கா எழுந்து நின்று சிங்களத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “ஐயா, நாங்க பிளேன் ரோடு போட்டவங்க. பேப்பரத்தான் கொண்டு போனாங்க, ரோட்டக் கொண்டு போகல. வந்து பாருங்க.” அதிகாரி கோப்பை மூடிவிட்டார். பொய் வாக்குமூலம் என்று காரணம் எழுதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்.

வாக்குமூலம் அப்பாவின் பெயரில் இருந்தது. அதனால் பொய்யும் அப்பாவின் பெயரில் போனது. “அந்த மனுசன் பொய் சொல்லிக் குடும்பத்தையே நாடில்லாம ஆக்கிட்டான்” என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்ல விட்டேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே செத்தார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், “பொய் சொன்னது அப்பா இல்ல. இந்தா ஒக்காந்து சாப்பிடுறாரே தொரை, இவருதான்” என்றார். பந்தியே சிரித்தது. படித்த பிள்ளையை இப்படிப் பேசலாமா என்று ஒரு பெரியம்மா அவரை அதட்டினார். நான் இலையில் மோர் ஊற்றச் சொன்னேன்.

பின்னால், நம்மவர்களை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்ட இந்திய ஒப்பந்தத்தில் நான் மறுபடி விண்ணப்பித்துப் பிரஜையானேன், ஆசிரியரானேன், அதிபரானேன். அக்கா விண்ணப்பிக்க மறுத்தார். பழைய கோப்பைத் திறந்து திருத்தட்டும், அதுவரை புதுக் கோப்பு வேண்டாம் என்பது அவர் கட்சி. இந்தியாவுக்குப் போகச் சொன்னவர்களிடம், “நீங்க போங்க, நான் வந்து வழியனுப்புறேன்” என்றார். கணவரோடு போய், மூடிக்கிடந்த தளத்தின் கிழக்கு முனையில், தம்பியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டார். மிளகாய் போட்டார். அயல் கிராமத்துச் சிங்களவர்கள் ஓடுபாதையில் நெல் காயப்போட்டார்கள். யானை வந்தால் எல்லோரும் சேர்ந்து விரட்டினார்கள். இடத்தை விட்டு எழும்பச் சொல்லி அரசாங்க ஆட்கள் மூன்று தரம் வந்தார்கள். மூன்று தரமும் அக்கா அவர்களை ஓடுபாதையின் நீளத்துக்கு நடக்க வைத்து, அப்பா கல் போட்ட இடம் எது, தான் போட்ட இடம் எது என்று காட்டியிருக்கிறார். அடையாள அட்டை இல்லை, ஓட்டு இல்லை. இருந்தார்.

எழுபது கடந்த பிறகு, நம்மவர் எல்லோருக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது. படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும் என்று ஆளனுப்பினார். போனேன். அதில் கேட்காத ஒரு விஷயத்தையும் கடைசியில் எழுதச் சொன்னார்: தகப்பனார் விமானத் தளத்தில் கல் உடைத்தவர். கந்தோரில் இது தேவையில்லை என்றார்கள். “தேவையில்லாட்டி நீங்க வெட்டிக்கங்க. இவன் கையால எழுதினது இருக்கட்டும்” என்றார் அக்கா. அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததே போதும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அது போதவில்லை.

சென்ற ஆண்டு, தொண்ணூற்றிரண்டு வயதில், இரண்டு நாள் காய்ச்சலில் அக்கா காலமானார். அவரைத் தம்புள்ளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ட்ரக்டர்காரருக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், பாதையெல்லாம் வெள்ளைக் கொடி கட்டிய கிராமத்தவர்களுக்கும், கேட்காமலே லொறி கொண்டுவந்த லொறி நானாவின் பேரன்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு கந்தோர் வாங்கில் பகல் முழுவதும் காத்திருந்து, கூப்பிடப்படாமலே எழுந்து போன லொறி நானாவுக்கு, நன்றியோடு என் மன்னிப்பும்.

உறவினர்களே, அப்பா பொய் சொல்லவில்லை. சொன்னவன் நான். அக்கா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. திவசத்தன்று செல்வி வீட்டு வாசலில் முதல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருடம் அப்பாவைச் சொன்னதையெல்லாம் அன்றைக்கு என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுங்கள்.