பிரான்ஸ் பாண்காரி

நான் முதன்முதலாகச் சுட்ட பிரெஞ்சுப் பாண் ரொட்டி உலக்கை மாதிரி இருந்தது. வெளியே கரி, உள்ளே பச்சை மா. அக்கா அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதால அடிச்சா ஆள் செத்திடும்" என்றாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

சண்டை முடிந்த பிறகு, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்திருந்தோம். நானும் என் மகளும், அக்காவும் அத்தானும் அவர்களுடைய பிள்ளைகளும். எங்கள் வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும்தான் மிஞ்சிக் கிடந்தது. அந்த வளவிலேயே இரண்டு தகரக் கொட்டில்களைப் போட்டுக்கொண்டோம். நடுவில் வேலி அடைக்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் இடையில் எதற்கு வேலி என்று அத்தான்தான் சொன்னார்.

என் கணவர் பிரான்சில் இருந்தார். முகாமுக்குப் பக்கத்திலிருந்த மாதா கோயிலில் எனக்குத் தாலி கட்டியவர். மகள் தவழத் தொடங்கிய காலத்தில் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துப் போனார். "அகதிக் கேஸ் முடிஞ்சு விசா காட் கிடைச்ச உடன உங்களைக் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேஸ் முடியவேயில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும், அவருடைய ஃபோன் தவறாமல் வரும். கொட்டிலுக்குள் சிக்னல் இல்லை. கிணற்றடிக்குப் போய் நின்றால்தான் குரல் கேட்கும்.

பாண் கதை மகளிடமிருந்துதான் தொடங்கியது. அப்பா என்றால் அவளுக்கு ஒரு குரல், அவ்வளவுதான். ஒரு நாள் அந்தக் குரலிடம், "அப்பா, நீங்கள் அங்க என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டாள். அவர் பாணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முழங்கை நீளமாம். தோல் முறுகலாம், கடித்தால் சத்தம் கேட்குமாம். உள்ளே வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்குமாம். தான் வேலை செய்வதே அந்தப் பாண் சுடும் பேக்கரியில்தான் என்றார். மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, எங்களுக்கும் அந்தப் பாண் வேணும்" என்றாள்.

எங்களூருக்குக் காலையில் பாண் ஓட்டோ வரும். அதில் வருவது பஞ்சு மாதிரியான பாண். சம்பலோடு தின்ன நல்லது. அவர் சொன்ன பாண் அதில் வராது. "அப்ப சொல்லித் தாங்கோ, நான் சுட்டுப் பாக்கிறன்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆசை கூடிவிட்டது. அவர் அங்கே தின்பதையே நானும் மகளும் இங்கே தின்றால், ஒரு மேசையில் இருந்து தின்கிற மாதிரி என்று நினைத்தேன். அதோடு, ஒரு நாள் அங்கே போகத்தானே போகிறோம், இப்போதே பழகினால் என்ன?

அத்தான் இடிந்த வீடுகளிலிருந்து உடைந்த செங்கல் பொறுக்கி வந்தார். புற்றுமண்ணைக் குழைத்து, செங்கல்லை வளைத்து அடுக்கி, கிணற்றடியில் பாண் சுடும் அடுப்பாக, சின்னதாக ஒரு போறணை கட்டித் தந்தார். ஃபோனில் கேட்டுக்கொண்டே சுடலாம் என்றுதான் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தேன்.

மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். இவ்வளவுதான். சீனி இல்லை, மாஜரின் இல்லை. இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு பிழை விடலாம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மா கையில் பசை மாதிரி ஒட்டியது. அவரிடம் கேட்டேன்.

"கொஞ்சம் இரு" என்றார். அந்தப் பக்கம் சத்தமில்லை. எங்கோ கோப்பை கழுவும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு வந்து, "இன்னும் மா போடாத. கையைத் தண்ணியில நனைச்சுப் பிடி. அடிச்சுப் பிசையாமல் மடிச்சு மடிச்சு விடு" என்றார்.

எங்கள் வெக்கைக்கு மா வேகமாகப் பொங்கிப் புளித்துவிட்டது. அதையும் கேட்டேன். "கொஞ்சம் இரு." பிறகு பதில் வந்தது: "குளிரான இடத்தில வை. மெல்ல மெல்லப் பொங்கினால்தான் மணம் வரும்." தண்ணீர்ப் பானை வைக்கும் ஈர மணலில் சட்டியைப் புதைத்து வைத்தேன். தோல் முறுகவில்லை என்றேன். "கொஞ்சம் இரு." பிறகு, "பாணை உள்ள விடேக்க தண்ணி தெளிச்சுப்போட்டு உடன மூடு. ஆவி நிக்கோணும். மேல சவர பிளேட்டால சரிச்சுக் கீறி விடு" என்றார்.

ஒவ்வொரு முறையும் யோசித்து, சரியான பதிலைச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மனிதர் பேக்கரி வேலையில் நன்றாகத் தேறிவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா, "ஓம், ஓம்" என்றாள்.

சோளகக் காற்று அடங்கிய பருவத்தில் எனக்குப் பாண் சரிவந்தது. போறணையிலிருந்து எடுத்துச் சுளகில் வைத்தேன். ஆற ஆற அதன் தோல் தானாகவே நொறுநொறுவென்று வெடித்தது. மகள் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "அம்மா, இது கதைக்குது!" என்றாள். நண்டுக் குழம்பில் தொட்டுத் தின்றோம். அக்கா வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீடுகளுக்குப் பாதி பாதி, சுவாமியாருக்கு ஒன்று. பிறகு சனிக்கிழமை தோறும் சுட்டேன். ஊரில் எனக்குப் 'பிரான்ஸ் பாண்காரி' என்று பெயர் வந்தது. யார் கேட்டாலும், "என்ர அவர் சொல்லித் தந்தது" என்று சொல்லுவேன். அந்தச் சொல்லைச் சொல்வதற்காகவே சுட்டேனோ என்றும் இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் ஒரு மனிதர் எங்கள் வளவுக்கு வந்தார். அன்றும் சனிக்கிழமை. போறணைக்குள் பாண் இருந்தது. கையில் பை ஒன்றோடு படலையடியில் நின்று, "பிரான்ஸ் பாண் சுடுற பிள்ளை நீங்கள்தானோ?" என்றார். பேசாலைப் பக்கத்து ஆள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். ஊர்ப் பெயரும் பாண் சுடுகிற பெண் என்பதும் மட்டும்தான் அவருக்குத் தெரியுமாம். சந்தியில் கேட்டதும் எல்லோரும் கை காட்டினார்களாம்.

கதிரையை எடுத்துப் போட்டு, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றேன். என் கணவர் அனுப்பிய ஆள் என்று நினைத்தேன்.

"அண்ணர் வீட்டிலயிருந்து வாறன் பிள்ளை" என்றார் அவர்.

"எனக்கு அண்ணர் இல்லையே."

வந்தவர் சிரித்தார். "பகிடி விடாதேங்கோ. உங்கட மச்சாள்தான் தந்து விட்டவா. அண்ணருக்குச் சொல்லாமல் தந்தவா. திடீரெண்டு குடுத்தா நீங்கள் சந்தோசப்படுவீங்களாம்." பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நல்ல ஈஸ்ட் பெட்டி. பாண் கீறும் மெல்லிய கத்தி. சின்னப் பூப்போட்ட சட்டை ஒன்று. "இது மருமகளுக்காம். அளவு சரிவருமோ தெரியாதெண்டு சொன்னவா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் வைத்துக்கொண்டேன். வந்தவர் தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். "அவையின்ர வீட்டில ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போனனாங்கள்." மேசை, மேசையில் நீளப் பாண். ஒரு பக்கம் என் கணவர், உடம்பு வைத்திருந்தது. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், எங்கள் ஆள்தான். அவளுடைய மடியில் ஆண் குழந்தை.

"மச்சாள்தான் பேக்கரியில வேலை. அவ சுட்டா அந்த மாதிரி. அண்ணருக்கு ஒரு முட்டை பொரிக்கவும் தெரியாது" என்று அவர் சொல்லிச் சிரித்தார். "ஊரில அண்ணற்ற தங்கச்சி பாண் பழகிறா எண்டு மச்சாளுக்குச் சரியான சந்தோசம். நீங்கள் கேக்கிறதுக்கெல்லாம் அவதானே பதில் சொல்லுறவா."

பாண் கருகும் மணம் வந்தது. எழும்பிப் போய் எடுத்தேன். கருகாத பக்கமாக வெட்டி, தேத்தண்ணியோடு அவருக்குக் கொடுத்தேன்.  அவர் கடித்துப் பார்த்துவிட்டு, "அச்சாவா இருக்கு. மச்சாளின்ர கைதான்" என்றார். நான் உங்கள் சிநேகிதரின் மனைவி என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் பாவம், நல்ல சேதி கொண்டுவந்த சந்தோஷத்தோடு போனார்.

மாலையில் அக்கா தன் பங்குப் பாணுக்கு வந்தாள். நான் கிணற்றுக்கட்டில் இருந்தேன்.

"அக்கா, அவருக்கு அங்க குடும்பம் இருக்குதாம். பிள்ளையும் இருக்குதாம்."

அக்கா "என்னது?" என்று கேட்கவில்லை. "ஐயோ" என்று சொல்லவில்லை. "ஆர் உனக்குச் சொன்னது?" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். படத்தைப் பார்த்தபோதுகூட அப்படி விழவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அக்கா நிலத்தைப் பார்த்தாள். "பிரான்சில இருக்கிற அத்தான்ர ஆக்கள் சொன்னவை. நாங்கள் முகாமில இருக்கேக்கையே."

முகாமிலேயே. அப்படியென்றால் திரும்பி வந்தபோது தெரியும். போறணைக்கு அத்தான் செங்கல் அடுக்கியபோது தெரியும். "என்ர அவர் சொல்லித் தந்தது" என்று நான் பாணை நீட்டிய ஒவ்வொரு முறையும் தெரியும். அவருடைய கேஸ் முடிய வேண்டும் என்று மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போனோமே, அங்கே எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்று மெழுகுதிரி கொளுத்தினாளே, அப்போதும் தெரியும்.

"மாதாவிட்ட என்னக்கா கேட்டனீங்கள்?" என்றேன்.

"நீ உடைஞ்சு போவாய் எண்டுதான்ரி சொல்லேல்ல. கைப்பிள்ளையோட நிண்டனி. பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு நாள் போட்டுது. நீயும் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சாய்…"

பாணை எடுக்காமலே போனாள்.

ஞாயிறு அவருடைய ஃபோன் வந்தது. எடுத்ததும், "பாண் எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

"உங்கட மனிசி அனுப்பின பார்சல் வந்தது" என்றேன்.

நானே தொடர்ந்து கேட்டேன்.

"கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு எண்டு சொல்லிப்போட்டு அவவிட்டையோ போய்க் கேட்டனீங்கள்?"

"விசா காட்டுக்காகத்தான் முதல்ல…" என்று தொடங்கினார். வதிவிடப் பேப்பருக்காக அவளோடு சேர்ந்தாராம். பிறகு பிள்ளை பிறந்துவிட்டதாம். என்னைக் கைவிட நினைக்கவில்லையாம். திட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் கோபத்திலும் எனக்கு 'நீங்கள்' என்றே வாயில் வந்தது. "என்னை ஏன் தங்கச்சி ஆக்கினீங்கள்? செத்துப்போனன் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றேன்.  அவர் ஃபோனை மகளிடம் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. பெண் குரல். கிளிநொச்சிப் பக்கத்துப் பேச்சு.

"மச்சாள், சுகமா இருக்கிறியளோ? பார்சல் கிடைச்சதெண்டு உங்கட அண்ணை சொன்னார். சட்டை பிள்ளைக்கு அளவோ?"

அவ்வளவு அன்பாகக் கேட்டாள். என்னுடைய ஒவ்வொரு பிழையையும் திருத்தியவள் இவள்தான். ஓம் மச்சாள், அளவு, என்று சொல்லிவிட்டால் அவளுடைய வீடு அப்படியே இருக்கும். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அக்கா எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்கிறவளாவேன்.

"நான் உங்கட மச்சாள் இல்லை" என்றேன். "அவர் எனக்குத் தாலி கட்டினவர். என்ர மகள் அவற்ற பிள்ளை."

 அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு அழுதது.

"எப்ப கட்டினவர்?" என்றாள்.

"உங்களுக்கு முதல். முகாமில."

ஃபோன் துண்டிக்கப்பட்டது. அவள் பிறகு என்னோடு கதைக்கவேயில்லை. என் கணவர்தான் அடுத்த நாள் ஃபோன் பண்ணி, "ஏனடி அவளுக்குச் சொன்னனி? என்ர வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டாய்" என்று கத்தினார். என்னைப் பார்த்து, என் கணவர், தன் வாழ்க்கையை நான் நாசமாக்கினேன் என்றார். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து இருந்தார்களா, பிரிந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. வளர்ந்த பிறகு மகள் தானாக அவரோடு கதைக்கத் தொடங்கினாள், நான் தடுக்கவில்லை. என்ன கதைத்தாள் என்று கேட்பதுமில்லை.

பாண் சுடுவதை விட்டேன். ஊரில் கேட்டார்கள், ஈஸ்ட் கிடைக்கவில்லை என்றேன். மாரிக்குப் போறணையின் மேல் தகரம் போட்டு மூட வேண்டும். அந்த வருடம் போடவில்லை. மழையில் மண் கரைந்து, செங்கல் வெளியே தெரிந்தது. நண்டைத் தரம் பிரிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மகளைப் படிப்பித்தேன்.

அவர் தூரத்தில் இருக்கிறார். கோபம் வரும்போது மட்டும் நினைத்தால் போதும். அக்காவை நான் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. வேலி அடைக்கலாமா என்று யோசித்தேன். ஊர் சிரிக்கும் என்று விட்டேன். அக்கா ஒவ்வொரு நாளும் கறி கொண்டுவந்து வைப்பாள். வாங்கினேன், தின்றேன், சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவளும் ஒரு நாள் அழுது மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லை அக்கா" என்றும் சொன்னேன். ஆனால் மனதில் உள்ளது எதையும் அவளிடம் சொல்லும் பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது.

மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தி வந்த அன்று, என்னோடு நண்டு வேலை செய்கிற பெண்களுக்குச் சொன்னேன். சுவாமியாருக்குச் சொன்னேன். கடைக்காரருக்குச் சொன்னேன். ஊரே கேட்டு, ஊரே வந்து போன பிறகுதான் அக்கா யாரோ சொல்லக் கேட்டு வந்தாள். வாசலில் நின்றபடி, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"வாங்கோக்கா, தேத்தண்ணி ஊத்திறன்" என்றேன். அவள் உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். சீனி எவ்வளவு என்று, விருந்தாளியைக் கேட்கிற மாதிரி, அவளைக் கேட்டேன்.