அத்தை பறித்த இலை

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நான் பரிமாறியதை யாராவது வேண்டாமென்று கையைக் காட்டினால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். ‘வயிறு சரியில்லை’, ‘இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்’ எல்லாம் என்னிடம் செல்லாது. இதற்குப் பயந்தே என் வீட்டுக்காரர் உப்பில்லாத குழம்பையும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். இது அம்மா எனக்குக் கொடுத்த சீதனம்.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான். ஒரு வீட்டில் கை நனைப்பது, அதாவது உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவது, பசிக்காக அல்ல. உறவு இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பகை வந்தால் முதலில் நிற்பதும் அதுதான். அதிலும் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் இலையை எடுப்பது இருக்கிறதே, அதற்குப் பதில் அவரைச் செருப்பால் அடித்துவிடலாம். எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில், பாயசத்துக்குக் காத்திருந்த ஒருவரின் இலையை அவசரத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள். மனிதர் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை. அந்த வீட்டுச் சாவுக்குக்கூடத் தெருமுனையில் நின்று தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இதெல்லாம் ஒன்பது வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு நான் பார்த்ததற்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அறுபதுகளின் கடைசியில், ஒரு முழுப்பரீட்சை லீவில், மலாயாவிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அப்பாவின் அண்ணன் அவர். சின்ன வயதிலேயே கப்பலேறிப் போய், அங்கே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, திருவாரூர் வழியாக ரயிலில் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் ராவுத்தர் மாமா போய் நின்றார். பெரியப்பாவோடு ஒரே கப்பலில் போனவர் அவர். பினாங்கில் சமையல் வேலை பார்த்துவிட்டு முன்னாடியே ஊர் திரும்பிவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில், போர்ட்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான்.

எங்கள் வீடு விருந்துக்குத் தயாராக இருந்தது. விடியுமுன் எழுந்து அம்மா பால்பணியாரம் செய்திருந்தாள். தேங்காய்ப்பாலில் ஊறி அது கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தபோது, பெரியம்மா கிண்ணத்தை மெதுவாக அம்மா பக்கமே தள்ளிவிட்டாள்.

“இவருக்கு ஆகாதும்மா. இனிப்பு நீரு. இனிப்பு தின்னா விஷம் தின்ன மாதிரி.”

சர்க்கரை வியாதிக்கு அவர்கள் ஊரில் அப்படிப் பெயர். தினமும் காலையில் பெரியம்மா எங்கள் அடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பாள். மருந்துக் குப்பிக்கு ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானையின் ஓரத்தில் வைத்திருந்தாள். பெரியப்பா வீட்டுக்குள்ளும் ஒரு காலில் சாக்ஸ் போட்டிருந்தார். உள்ளே சுண்டுவிரலில் ஒரு புண். எப்போதோ செருப்பு கடித்ததாம், ஆறவேயில்லை. இவ்வளவையும் நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் என் மனசில் நின்றது, திருப்பி வந்த கிண்ணமும், புகையே இல்லாத அடுப்பங்கரையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாவும்தான்.

உறவுக்காரர் வீடுகளிலும் இதே கதைதான். எங்கே விருந்துக்குப் போனாலும் பெரியம்மா போலீஸ்காரி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையில் விழுகிற இனிப்பையெல்லாம் தன் இலைக்குக் கடத்துவாள். பெரியப்பா சிரித்துக்கொண்டே மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ‘பவுசு கூடிருச்சு, நம்ம சோறு இறங்குமா?’ என்று பின்னால் ஒரு பேச்சு. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் அவர் இவ்வளவு தூரம் வந்தது இந்த விருந்துகளுக்காக அல்ல. அத்தை வீட்டில் ஒரு வேளை சாப்பிடவேண்டும் என்பதற்காக.

அத்தை, மூவரில் மூத்தவள். கண்டரமாணிக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று வெள்ளாமை பார்த்தவள். அவளுக்கு ஒரே மகள், எனக்கு மதினி. மதினிக்குக் காது குத்தும்போது ஊருக்கு வந்திருந்த பெரியப்பா, தாய்மாமனாக அவளை மடியில் வைத்துக்கொண்டு, “இவ என் வீட்டு மருமக” என்று சபையறியச் சொன்னார். தாய்மாமன் வாக்குக்கு மேல் என்ன வேண்டும்? வருஷாவருஷம் கப்பலில் வருகிற யாரிடமாவது மதினிக்கு ஒரு சீலை கொடுத்தனுப்புவார். மதினி அந்தச் சீலைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அங்கே பெரியப்பாவின் மகன், கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பெரியப்பாவுக்கு அதை அக்காளுக்கு எழுதக் கை வரவில்லை. அந்த வருஷம் சீலை வரவில்லை. சீலை கொண்டுவருகிற ஆள் வெறுங்கையோடு வந்து சேதியைச் சொன்னார்.

அதற்குள் மதினிக்கு வயது ஏறிவிட்டது. சிவகங்கையில், மனைவியைப் பறிகொடுத்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். “அவன் இனிமே என் வீட்டுல கை நனைக்கக் கூடாது. அவன் வீட்டுப் பச்சைத் தண்ணியும் என் தொண்டையில எறங்காது” என்றாள் அத்தை. சொன்னபடியே இருந்தாள்.

ராவுத்தர் மாமா தூது போனார். முதல் தடவை அத்தை கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை போய்விட்டு வந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“வரச் சொல்லு, இலை போடுறேன், ஆனா வாயத் தொறந்து பேச மாட்டேன்னு அக்கா சொல்லிருச்சு மச்சான்.”

“பேச வேணாம்டா. சோறு போட்டாப் போதும்” என்றார் பெரியப்பா.

ராவுத்தர் மாமா ஒரு பிளஷர் கார் பிடித்துவந்தார். அப்பா வரவில்லை. இரண்டு பேர் பக்கமும் சாயாமல் இருந்தவர் என்பதால் அத்தைக்கு அவர் மேலும் வருத்தம். என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்மேல் அத்தைக்குக் கொள்ளை ஆசை. என்னைப் பார்த்தால் கதவைச் சாத்தமாட்டாள் என்று கணக்கு. முன்சீட்டில் உட்கார்ந்து போகும் பெருமையில் எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. பின்சீட்டில் பெரியப்பா பெரியம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

“இந்தா பாரு, இன்னைக்கு ஒரு நாள் என் இலையில கை வைக்காதே.”

பெரியம்மா குன்றக்குடி தாண்டும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அத்தை கதவைத் திறந்தே வைத்திருந்தாள். “வாங்க” என்ற வார்த்தை மட்டும் இல்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் கன்னத்தைத் தடவினாள். உள்ளே போய் நான்கு இலைகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். நாங்கள் உட்கார்ந்தோம். முதலில் கவுனி அரிசி, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் மின்ன. அப்புறம் கருப்பட்டிப் பணியாரம். சின்ன வயசில் பெரியப்பா அதற்காக அத்தையின் பின்னாலேயே சுற்றுவாராம். அத்தை எனக்கு இரண்டு வைத்தாள், ராவுத்தர் மாமாவுக்கு இரண்டு. பெரியப்பா இலையில் வைத்துக்கொண்டே போனாள்.

பெரியப்பா சாப்பிட்டார். கவுனி அரிசியை வழித்துச் சாப்பிட்டார். பணியாரத்தைப் பிட்டுக்கூடப் பார்க்காமல் முழுசாக வாயில் போட்டார். இலை காலியாக ஆக, அத்தை பேசாமல் வந்து மறுபடி வைத்தாள். நெற்றியில் வேர்த்து வழிய, தலை நிமிராமல் அவர் தின்றார். ராவுத்தர் மாமா தன் இலையைத் தொடவில்லை. பெரியம்மா முந்தானை நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டாள். ஆனால் கையை மட்டும் நீட்டவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அம்மா செய்ததில் ஒன்றைக்கூடத் தொடாத மனுஷர்! எங்கள் அம்மா என்ன இளக்காரமா?

“அதென்ன பெரியப்பா? எங்க வீட்டுல ஒண்ணுகூடத் திங்கலே, இங்க மட்டும் இம்புட்டுத் திங்கிறீக? பெரியம்மா, இனிப்பு இவுகளுக்கு விஷம்னு சொன்னீகள்ல? இப்ப ஏன் பேசாம இருக்கீக?”

ராவுத்தர் மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். அத்தை கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“என்னடி சொன்ன?”

அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. கேட்கிறார்களே என்ற தெம்பில் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊசி, ஈரத்துணி சுற்றிய குப்பி, ஆறாத புண், கூடக் கொஞ்சம் நானே சேர்த்துக்கொண்ட காரம். “இனிப்பு தின்னா செத்துப் போயிருவாகளாம்!”

அத்தை பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா தலையைக் குனிந்தாள். பெரியப்பா மட்டும் ஒன்றும் நடக்காதது போல இன்னொரு பணியாரத்தை எடுத்தார்.

அத்தை குனிந்து, அவர் கைக்கு அடியிலிருந்து இலையை வெடுக்கென்று பறித்தாள். பணியாரங்கள் தரையில் உருண்டன. அவர் விரலில் இருந்ததையும் தட்டிவிட்டு, இலையோடு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

சாப்பிடுகிற ஆளின் இலையைப் பறிப்பதா? அதுவும் கூடப்பிறந்தவர் இலையை? என் வாயால்தான் வந்தது வினை. கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். சன்னல் வழியாக அத்தையின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

“படுபாவி! வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாயி இல்லையா? நான் போடப் போட, மண்ணு மாதிரித் தின்னுக்கிட்டே இருக்கியே!”

“நீ போட்டதை எப்படிக்கா வேணாம்னு சொல்றது?” இது பெரியப்பா.

அதற்கப்புறம் அழுகை. ஒருவர் அழுகையா, இரண்டு பேர் அழுகையா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. பெரிய சண்டை என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து ராவுத்தர் மாமா கண் சிவந்து வெளியே வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்து எதையோ முணுமுணுத்தார். உள்ளே அத்தை கேப்பைக் களி கிண்டித் தம்பிக்குப் போட்டுக்கொண்டிருந்தாளாம். நான் இறங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் மாமா எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக்கொடுத்தார். பெரியம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தப்புச் செய்தவளுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன்: “அத்தை பெரியப்பா இலையப் பறிச்சுட்டாக!”

“அடி ஆத்தி!” என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

மறுநாள் காலை அத்தையே எங்கள் வீட்டில் வந்து நின்றாள், கேழ்வரகு மூட்டையும் ஒரு கூடைப் பாகற்காயுமாக. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவர்கள் கப்பலேறும்வரை அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள், சரி, கேட்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பறித்த இலையால்தான் உறவு திரும்பியது என்பது பிடிபட எனக்கு வருஷங்கள் ஆயின. மன்னிக்க வேண்டியவள் உண்மையில் மதினி அல்லவா என்பதோ அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அவளை யாரும் கேட்கவில்லை. அவள் சிவகங்கையில் மூத்தாள் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் பெரியப்பாவின் காலை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. பிறகு தந்தி வந்தது.

எழுபதுகளில் எனக்குக் கல்யாணமானது. பெரியவர்களுக்கெல்லாம் என் கையாலேயே இனிப்புக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அத்தை கையைக் காட்டினாள்.

“எனக்கு ஆகாது மருமகளே.”

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பெண் என்றும் பாராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம், காப்பியைக்கூட அவள் கசக்கக் கசக்கக் குடிப்பதைப் பார்த்து, பாவம், தம்பிக்கு வந்த வியாதி அக்காளுக்கும் வந்துவிட்டது என்று சமாதானமானேன்.

சில வருஷத்தில் அத்தையும் போய்விட்டாள். கருமாதியன்று படையல் இலையில் மதினி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கருப்பட்டிப் பணியாரத்தை எடுத்ததும் நான் தடுத்தேன்.

“அது வேணாம் மதினி. அத்தைக்குத்தான் சர்க்கரையாச்சே.”

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“யாரு சொன்னா? ஆத்தாளுக்கு ஒரு வியாதியும் கெடையாது. மலாயா மாமா போயிட்டாகன்னு தந்தி வந்த அன்னைக்கு இனிப்பை விட்டுச்சு. அதுக்கப்புறம் நாக்குல வைக்கலே.”

சொல்லிவிட்டு இலையில் இரண்டு பணியாரம் வைத்தாள்.

“இன்னும் ரெண்டு வைங்க மதினி” என்றேன்.